தவக்காலத்துப் பால்

ஐரினின் கர்ப்பப்பைக் கட்டியை எடுக்க வேண்டும். ரத்தம் ஊறினால்தான் ஆபரேஷனுக்குத் தேதி என்று டாக்டர் சனோபர் சொல்லிவிட்டார். ஊறவில்லை. அடுத்த சோதனையிலும் ஊறவில்லை. ஏறியதெல்லாம் ஐரினின் வயிற்று உப்புசமும் அவள் கணவர் தனிஸ்லாஸின் எரிச்சலும்தான்.

“இரும்பு மாத்திரையை முழுங்குறியா, ஜன்னல் வழியா வீசுறியா?”

“நீங்கதான போலீஸ்காரர் மாதிரி நின்னு குடுக்குறீங்க?”

உண்மைதான். விளாங்குடி வீட்டில் அந்தப் பொறுப்பை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கே.கே. நகர் கிளினிக்கில் ஐரின் முந்திக்கொண்டாள். “வயிறு கடமுடாங்குது டாக்டர். சிலுவைப்பாதையில முழங்கால் போட்டா மொத்தக் கோயிலும் என்னையத் திரும்பிப் பாக்குது.”

“மாத்திரையை எதோட சாப்பிடுறீங்கம்மா?”

“பாலோட. தவக்காலம்னு டீயை விட்டுட்டோம். பதிலுக்கு இவரே பால் காய்ச்சித் தருவாரு. கால்சியம் மாத்திரையும் அதோடயே.”

டாக்டர் பேனாவை மூடினார். “டீயை விட்டது நல்லது. பாலை ஏன் சார் பிடிச்சீங்க? கால்சியம் இரும்பை உடம்புல சேர விடாது. சேராத இரும்பு பெருங்குடலுக்குப் போயிரும். அங்க உள்ள கெட்ட கிருமிக்கு இரும்புன்னா உசுரு. அதுக பெருகுனா நல்ல கிருமிக்கு ஏது இடம்? வயிறு கத்தாம என்ன செய்யும்? சார் என்ன வேலை பாக்குறீங்க?”

“டீச்சர்” என்றார் தனிஸ்லாஸ், ஃபேனைப் பார்த்துக்கொண்டே. எந்தப் பாடம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது, ஆண்டவரே.

“பயாலஜி!” என்றாள் ஐரின்.

வண்டியில் திரும்பும்போதும் அவள் விடவில்லை. “நம்ம கறியை விட்டுட்டுக் கிடக்கோம். வயித்துக் கிருமிகளுக்கு மட்டும் தினமும் விருந்து வச்சிருக்கீங்க.”

அன்றிலிருந்து இரும்பு மாத்திரை காலையில் எலுமிச்சைச் சாறோடு. கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு. பால் தனிஸ்லாஸுக்கே. ஐரினின் வயிறு மெல்ல அடங்கியது. ஈஸ்டர் கழிந்து எடுத்த சோதனையில் ரத்தமும் ஊறியிருந்தது.

“வியாழக்கிழமை வச்சுக்கலாம்” என்றார் டாக்டர்.

இவ்வளவு நாள் நச்சரித்துக் கேட்ட தேதி. கிளினிக் வாசலில் வண்டிச் சாவியைத் துளையில் நுழைக்க முடியாமல் நின்றார் தனிஸ்லாஸ்.

“பயமா இருக்குங்க” என்றாள் ஐரின்.

“இதுல என்ன பயம்? லேசான ஆபரேஷன்தான்.”

கடமுடா என்றது ஒரு வயிறு. அவளுடையது அல்ல.

“பால் குடிச்சீங்களா?”

“இன்னைக்கு எதுவுமே குடிக்கல.”

அவள் சாவியை வாங்கிக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.