பந்துப் பூட்டு, பின் பூட்டு

லைல் வோஸ்குயில் அடைத்து வைத்திருந்த பீர் பாட்டில்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவன் முட்டையை வாயில் வைக்கும் நேரத்தில் வெடித்தன. ஒன்று வெடித்திருந்தால் பரவாயில்லை. ஒன்று வெடித்த அடியில் பக்கத்தில் இருந்தது வெடிக்க, அது அடுத்ததை எழுப்ப, நிலவறையில் பதினெட்டு பாட்டில் வரிசையாகப் போய்ச் சேர்ந்தது. மூடி போடும்போது, உள்ளே கேஸ் உண்டாவதற்காக, பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை போட வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்த அசதியில் அவன் சிலதுக்கு இரண்டு தடவை போட்டுவிட்டான். எதற்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று அப்போதே சந்தேகம் இருந்தது. சந்தேகத்தோடு மூடியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

பாட்டில்கள் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டில்தான் அவன் மனைவி வெர்னா ஆகஸ்ட் மாதம் பூராவும் அடுப்படியில் நின்று போட்டு வைத்த தக்காளி ஜாடிகள் இருந்தன.

வெர்னா இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்று பார்த்தாள்.

"லைல்."

"ம்."

"தரையில ஓடுதே, இது உன் பீரா, என் தக்காளியா?"

"ரெண்டும் கலந்திருக்கு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். மூலையில் மூடி போட்டு நின்ற வெள்ளை வாளியைப் பார்த்தாள். அதில் இன்னொரு இருபது லிட்டர் பீர் புளித்து முடிந்து, அடைப்பதற்குத் தயாராக இருந்தது.

"இனிமே இந்த வீட்டுல பாட்டில்ல பீர் அடைக்கக் கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள பாட்டில் இல்லாம எனக்கு ஒரு கிளாஸ் ஊத்திக் காட்டு. இல்லேன்னா அதைப் புல்லுல கவுத்துட்டு வாளியை என்கிட்ட குடு. முட்டைக்கோஸ் புளிக்கப் போடணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளே பன்னிரண்டு முட்டைக்கோஸ் வாங்கி வந்து நிலவறைப் படியில் படிக்கு ஒன்றாக வைத்துவிட்டாள். லைல் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் அவை வேடிக்கை பார்த்தன. முட்டைக்கோஸ் ஒரு தடவை புளித்த வாளியில் பிறகு எதைப் போட்டாலும் முட்டைக்கோஸ்தான். வேறு வாளி வாங்கிக்கொண்டால் போகிறது என்று நினைப்பவர்கள் வெர்னாவை அறியாதவர்கள். வாளி போனால் அதோடு பீரும் போயிற்று என்று இருவருக்கும் தெரியும்.

லைல் இருபத்திரண்டு வருஷமாகக் குளியல்தொட்டி வார்க்கும் ஆலையில் இரும்பு ஊற்றுகிறான். அவன் ஊற்றிய தொட்டிகளில் யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ காலை நீட்டிப் படுத்துக் குளிக்கிறார்கள். அவன் வீட்டில் இருப்பது ஷவர். பீர் ஒன்றுதான் அவன் கையில் ஆரம்பித்து அவன் வாயில் முடிகிற வேலை. அதை விட்டுவிடு என்றால் விட்டுவிடலாம்தான். விட்டுவிட்டு ஆலையிலிருந்து வந்து எந்த நாற்காலியில் உட்காருவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வழக்கம்போல எல்லோரும் கூடினார்கள். வெர்னாவின் அண்ணன் ஹார்லன் விஷயத்தை எப்படியோ மோப்பம் பிடித்திருந்தான்.

"என்ன மச்சான், உன் வீட்டுக்கு வர்றதுன்னா ஹெல்மெட் போட்டுக்கிட்டுதான் வரணுமாமே?"

மேஜை முழுக்கச் சிரித்தது. லைல் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை வா. ஹெல்மெட்டைக் கவுத்துப் பிடி. குழாயைத் திறந்து ஊத்தறேன்."

"குழாயா? தண்ணிக் குழாய்தானே?"

"வந்து பாரு."

சொல்லியாகிவிட்டது. அவனிடம் அப்போது பீப்பாயும் இல்லை, குழாயும் இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பிளிமத் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனான். பழைய சோடா பீப்பாய் இரண்டு இருக்கிறது என்று பேப்பரில் போட்டிருந்த ஆள் நோர்பர்ட் என்பவர். மாட்டுக் கொட்டகையில் தார்பாயை விலக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேல் உயரத்தில், ஒல்லியாக இரண்டு எவர்சில்வர் பீப்பாய்.

"எதுக்கு வேணும்?"

"பீர் ஊத்தறதுக்கு."

"நல்ல காரியம். எடுத்துட்டுப் போங்க. இதுல ரெண்டு வருஷமா என் பொண்டாட்டி குடை சொருகி வெச்சிருந்தா."

லைல் ஆலைக்காரன் பார்ப்பதுபோலப் பார்த்தான். விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப் போகும். இது மணி மாதிரி ஒலித்தது. பற்றவைத்த இடங்களைத் தடவினான். நெளிவு பார்த்தான், மூடி பார்த்தான், உள்ளே ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். மேலே கட்டைவிரல் பருமனில் நின்ற இரண்டு வாய்களை மட்டும் பார்க்கவில்லை. குழாய் மாட்டுகிற இடம், அதில் என்ன இருக்கப் போகிறது?

அங்கிருந்து நேராக ஊருக்குள், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்கு. கடைக்காரி க்வென், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக மேஜைமேல் எடுத்து வைத்தாள். கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர், இரண்டு பருமனில் டியூப், விரலால் அழுத்தினால் ஊற்றுகிற சின்னக் குழாய், புது ரப்பர் வளையங்கள்.

"டியூபைப் பீப்பாய் வாயில மாட்டற கொக்கி ரெண்டு வேணும். உங்களுது பந்துப் பூட்டா, பின் பூட்டா?"

லைல் குனிந்து தன் மேல்சட்டையைப் பார்த்தான். புதன்கிழமைதோறும் பந்துருட்டும், அதாவது பௌலிங் ஆடும், குழுவின் ஜாக்கெட் அது. நெஞ்சில் ஒரு கறுப்புப் பந்தும், அது அடித்துச் சிதறும் மரப் பின்களும், கீழே அவன் பெயரும் தைத்திருக்கும். நல்ல பெண், ஆளைப் பார்த்துப் பேசுகிறாள் என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"எப்பவும் பந்துதாங்க. பந்தை ஒழுங்கா விட்டா பின் தானா விழும்."

க்வென் மரியாதைக்குச் சிரித்தாள். "சரி, பந்து," என்று இரண்டு கொக்கிகளைப் பையில் போட்டாள்.

சிலிண்டர் புதுசு. அலுமினியம். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். ஆனால் காலி. அதை நிரப்ப, கரியமில வாயுவும் விற்கிற வெல்டிங் கேஸ் கடைக்குப் போனான். கவுன்டரில் இருந்த பெரியவர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் வேறொன்று இருந்தது. பச்சைப் பெயின்ட் உரிந்து, விலாவில் ஒரு குழி.

"இது யாருது?"

"உங்களுதுதான்."

"என்னுது பளபளன்னு இருந்துச்சே!"

"இங்க ரொப்பறது கிடையாதுங்க. காலியைக் குடுத்தா முழுசு எடுத்துக்கணும்."

"நான் அதை வாங்கி இருபது நிமிஷம்தான் ஆகுது!"

"நல்லதாப் போச்சு. அதிகம் பழகலை, சீக்கிரம் மறந்துடுவீங்க."

லைல் அந்தப் பச்சைச் சனியனை முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, வீட்டுக்குக் கூட்டி வந்தான்.

நிலவறையில் எல்லாவற்றையும் பரப்பினான். பீப்பாய்களை வெந்நீரில் கழுவி, வளையங்களை மாற்றினான். கொக்கியை எடுத்து பீப்பாயின் வாயில் வைத்து அழுத்தினான். ஏறவில்லை. திருப்பி வைத்து அழுத்தினான். சோப்புத் தண்ணீர் தடவினான். மரச் சுத்தியலால் செல்லமாக ஒன்று போட்டான், பிறகு செல்லம் இல்லாமல் ஒன்று. கொக்கி தெறித்துப் போய் மூன்றாம் படி முட்டைக்கோஸில் பட்டது.

கடைக்கு போன் போட்டான். சனிக்கிழமை மதியத்தோடு கடை மூடப்படும், செவ்வாய்க்கிழமை திறக்கும் என்று க்வென்னின் குரல் பதிவாகி இருந்தது. லைல் போனை வைத்துவிட்டு, பீப்பாயைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். நாளைக்கு இந்நேரம் ஹார்லன் இதே இடத்தில் நின்று சிரிப்பான். வாளி புல்தரையில் கவிழ்ந்து கிடக்கும்.

வெர்னா முட்டைக்கோஸ் நறுக்கும் பலகையோடு இறங்கி வந்தாள்.

"என்ன, தியானமா?"

"மாட்டலை. அளவு தப்பாக் குடுத்துட்டா அந்தப் பொம்பளை."

"எழுந்திரு பார்ப்போம்."

அவள் பீப்பாயை நிமிர்த்தி அதன் வாயைப் பார்த்தாள். கீழே கிடந்த கொக்கியைப் பார்த்தாள். பிறகு பலகையை இடுப்பில் அணைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நெடுநேரம் சிரித்தாள்.

"அந்தப் பொம்பளை உன்கிட்ட எதுவும் கேக்கலையா?"

"கேட்டா. பந்தா, பின்னான்னு. பந்துன்னேன்."

"எதுக்குப் பந்துன்னே?"

லைல் ஜாக்கெட்டைக் காட்டினான். வெர்னா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அட மண்டு! அது ஆட்டமில்லைடா, பூட்டு! இதோ, வாயைச் சுத்தி முள்ளு நீட்டிக்கிட்டு இருக்குதே, இதுதான் பின். இது பின் பூட்டுப் பீப்பாய். பந்துக்கு இந்த முள்ளே இருக்காது. உள்ளே குண்டு குண்டா உருண்டை வெச்ச கொக்கி அது. ஜென்மத்துக்கும் இதுல ஏறாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னால ஆறு வருஷம் ஆர்வில்லோட பந்துருட்டுக் கூடத்தில வேலை பார்த்தேன். அங்க நான் ஆட வர்றவங்களுக்கு வாடகை ஷூ மட்டும் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன்னா நினைச்சே? ஒரு நாளைக்கு எட்டு சோடா பீப்பாய் மாத்துவேன். மூணு முள்ளு இருக்கற வாயில சோடா வெளியே வரும். ரெண்டு முள்ளு வாயில கேஸ் உள்ளே போகும். மாத்தி மாட்டினா உன் மூஞ்சியில அடிக்கும்."

இரண்டாவது பீப்பாயை மோந்து பார்த்தாள். "இதை எடுக்காதே. இதுல ரூட் பியர் இருந்திருக்கு. அந்த இனிப்பு சோடா வாசனை ரெண்டு ரப்பர் மாத்தினாலும் போகாது. உன் பீரைக் குடிச்சா இருமல் மருந்து குடிச்ச மாதிரி இருக்கும்."

பலகையைப் படியில் வைத்துவிட்டு அவள் கோட்டை எடுத்தாள்.

"எங்கே போறே?"

"ஆர்வில்கிட்ட. அவர் ஒரு ஆணியைக்கூடத் தூக்கிப் போட மாட்டார்."

"வெர்னா." லைலுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உனக்குத்தான் வாளி வேணுமே?"

"வேணும்தான். ஆனா நான் உன்கிட்ட ஜெயிச்சு எடுத்துக்கறேன். எங்க அண்ணன் பல்லைக் காட்டி எனக்கு எடுத்துத் தர வேண்டாம். வண்டியை எடு."

ஆர்வில் நாற்பது வருஷமாக அதே கூடத்தை நடத்துகிறவர். சோடா இயந்திரத்துக்குப் பின்னால் மண்டியிட்டு ஒரு காப்பித்தூள் டின்னை இழுத்துக் கவிழ்த்தார். திருகு, சாவி, யாருடையதோ ஒரு பல்செட். அவற்றுக்கு நடுவே மூன்று முள் கொக்கி ஒன்று, இரண்டு முள் கொக்கி ஒன்று.

"வெர்னா, நீ போனப்புறம் இதை ஒழுங்கா மாட்ட ஆளே கிடைக்கலை. திரும்பி வந்துடறியா?"

"உங்க சம்பளத்துக்கா? நான் வீட்டுலயே இவனோட அவஸ்தைப்படறேன்."

சாயங்காலத்துக்குள் வேலை நடந்தது. வாளியிலிருந்து பீர் டியூப் வழியாகச் சத்தமில்லாமல் பீப்பாய்க்குள் இறங்கியது. ராத்திரிக்கு அது பழைய ஃபிரிட்ஜில் குளிர்ந்தது. ஞாயிறு காலை கோயிலுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் லைல் கேஸைத் திறந்து, பீப்பாயைத் தரையில் படுக்கப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலால் முன்னும் பின்னும் உருட்டினான். அப்படி உருட்டினால்தான் கேஸ் சீக்கிரம் பீரில் கரையும். தொட்டில் ஆட்டுவதுபோல இருந்தது. வெர்னா ஓரத்தில் முட்டைக்கோஸின் வெளி இலைகளை உரித்துக்கொண்டிருந்தாள். அடியில் வண்டல் மட்டும் தங்கிய வாளி அவள் பக்கத்தில் இருந்தது.

மத்தியானம் ஹார்லன் வந்தான். தலையில் நிஜமாகவே ஹெல்மெட், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். கொல்லையில் கரியடுப்பில் சாசேஜ்கள் சீறிக்கொண்டிருந்தன. லைல் பீப்பாயை மேஜை பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கிளாஸைச் சாய்த்து, குழாயை அழுத்தினான்.

நுரை வந்தது. கிளாஸ் நிறைய நுரை. இரண்டாவது கிளாஸிலும் நுரை. பீர் என்று சொல்ல அடியில் ஒரு விரற்கடைதான் இருந்தது.

"மச்சான்," ஹார்லன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான், "இதைக் குடிக்கறதா, சவரம் பண்ணிக்கறதா?"

லைலின் காது சிவந்தது. வெர்னாவைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் கைத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பீப்பாய் பக்கத்தில் குனிந்தாள்.

"உருட்டறப்ப வெச்ச கேஸையே வெச்சிருக்கே. அந்த வேகத்துல விட்டா நுரைதான் வரும். மூடு. மூடியில இருக்கற வளையத்தை இழு."

லைல் இழுத்தான். பீப்பாய் நீளமாகப் பெருமூச்சு விட்டது. ரெகுலேட்டரின் திருகை அவள் இரண்டு விரலால் திருப்பி அழுத்தத்தைக் குறைத்தாள்.

"இப்ப விடு. மெதுவா இல்லை, முழுசா அழுத்து."

மூன்றாவது கிளாஸில் செம்பழுப்பாக, தெளிவாக, மேலே இரண்டு விரல் வெள்ளையோடு பீர் இறங்கியது. ஹார்லன் ஹெல்மெட்டைக் கழற்றினான். குடித்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், திரும்பவும் குடித்தான். காலிக் கிளாஸை நீட்டினான்.

"என்ன மச்சான், பேச்சைக் காணோம்?" என்றான் லைல்.

"ஊத்துடா. பேச்செல்லாம் அப்புறம்."

அவனுக்கு ஊற்றிவிட்டு, லைல் ஒரு சுத்தமான கிளாஸை எடுத்து நிரப்பி வெர்னாவிடம் கொடுத்தான். பேச்சுப்படி காட்ட வேண்டியது அவளுக்குத்தான். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்திருந்து, விழுங்கினாள். இன்னொரு வாய். லைலுக்கு உலைவாயில் நிற்பதுபோல வேர்த்தது.

"கசப்பு கொஞ்சம் தூக்கல்," என்றாள். "அடுத்த தடவை குறைச்சுப் போடு."

"அடுத்த தடவையா?"

"காதுல இரும்பு ஊத்தி வெச்சிருக்கியா? ஆமாம், அடுத்த தடவை. போய் சாசேஜைத் திருப்பு, கருகுது."