அமிர்தவல்லி வீட்டு ஓவனும் அரைகுறை அப்பளமும்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் மைக்ரோவேவ் ஓவன் இருக்கிற ஒரே வீடு அமிர்தவல்லி வீடு. இருக்கிறது என்றுதான் சொன்னேன். அவள் புருஷன் நாகராசு குவைத்திலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதோடு சரி, ஒரு வாய்ச் சோறு அதில் சூடானதில்லை. மேலே பூப்போட்ட துணி, துணிமேல் பிளாஸ்டிக் பூச்சாடி. உள்ளே மாத்திரை அட்டையும் பழைய சார்ஜரும். கரண்டு ஏறி இறங்கினால் கெட்டுப்போகுமாம், தான் வந்துதான் போடணுமாம். நாகராசு உத்தரவு.

அதை நம்பித்தான் மகள் இனியா, ஒன்பதாவது படிக்கிறவள், மைக்ரோவேவ் எப்படிச் சூடாக்குகிறது என்று சயின்ஸ் புராஜெக்டுக்குப் பேர் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமை டீச்சரிடம் செய்துபார்த்த திட்டத்தைக் காட்டணும். இல்லையென்றால் புதுக்கோட்டைக் கண்காட்சிக்குக் கூடப் படிக்கிற பிரகதீஸ்வரியின் எரிமலை மாடல் போய்விடும். வருஷா வருஷம் எரிமலைதான் போகிறது. சோடா உப்பு விற்கிறவருக்குத்தான் கொண்டாட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சத்தம் கேட்டது, சும்மா எட்டிப் பார்த்தேன். முந்திரி உடைத்துவிட்டு வந்த அமிர்தவல்லி, கறை ஏறிய விரலோடு சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள்.

"உள்ள சுத்துற கண்ணாடித் தட்டைக் காணோம்மா. அது இல்லாம எப்படித் தண்ணி சுட வைக்கிறது?" என்றாள் இனியா.

அமிர்தவல்லி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "ஒங்க அழகி அத்தை மக சடங்குக்கு சீர்த்தட்டு எரட்டைப்படையா நின்னுச்சு. ஒத்தைப்படை ஆக்கணுமேன்னு அதுல ஆப்பிளை அடுக்கி எடுத்துட்டுப் போனேன். தட்டு திரும்பி வரலை."

"போன் போட்டுக் கேளும்மா."

"சீரைத் திருப்பிக் கேட்டேன்னு ஒங்க அத்தை திருமயம் கோட்டை மேல ஏறி நின்னு சொல்லும். என்னால முடியாது."

"எவர்சில்வர் தட்டை வச்சா என்ன?" என்றேன் நான்.

"பொறி பறக்கும் பெரியம்மா."

எனக்கென்ன தெரியும், குவைத்துக்கா போனேன்.

இனியா அழுவாள் என்று பார்த்தேன். அவளோ போனை நோண்டிக்கொண்டிருந்தாள். "தட்டு எதுக்குச் சுத்துதுன்னு போட்டிருக்கு. அலை உள்ள எல்லா எடத்துலயும் ஒண்ணுபோல விழாதாம். சுத்தலைன்னா எங்க விழுதுன்னு தெரியும்ல? அதையே புராஜெக்டா செய்யவாம்மா?"

"அப்பா கேட்டா?"

இனியா பூச்சாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கே பொறுக்கவில்லை. கடைசியில் அமிர்தவல்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், பூச்சாடியைத் தூக்கிக் கீழே வைத்தாள், திரும்பவும் வந்து சாய்ந்துவிட்டாள்.

உள்ளே சுற்றுகிற குமிழைத் தொடாதபடி பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அட்டை, அட்டைமேல் பச்சை அப்பளங்கள். ஓவன் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றது. அங்கங்கே திட்டுத் திட்டாகப் பொரிந்து, மீதியெல்லாம் பச்சையாகவே கிடந்தது. பந்தியில் வைத்தால் இலையை மூடிவிட்டு எழுந்து போவார்கள். இந்தப் பெண் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு திட்டாக அளந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நாகராசு வீடியோ காலில் வந்தான். துணி இல்லாத ஓவன்தான் அவன் கண்ணில் முதலில் பட்டது.

"யாரு அதைத் தொறந்தது?"

"நாந்தான்," என்றாள் அமிர்தவல்லி.

"நான் வந்து போடுறேன்னு சொன்னேன்ல?"

"நீங்க வாரதுக்குள்ள புள்ளை காலேசு போயிரும்."

"கெட்டுப்போனா?"

"வேலை செஞ்சு கெடட்டும். கண்காட்சிக்கும் எடுத்துட்டுப் போகுது." கத்தவில்லை. கத்தத் தெம்பு வேண்டுமே.

நான் போனுக்குப் பக்கத்தில் நகர்ந்துகொண்டேன்.

"பஸ்ஸுல கொண்டுபோகாதீங்க," என்று ஆரம்பித்தான் பிறகு. "செம்மல் ஆட்டோவைச் சொல்லு. கதவு ஆடாம டேப்பு ஒட்டு. அடியில தலகாணி வை. அங்கிட்டு வோல்டேஜ் எப்படின்னு கேளு."

அமிர்தவல்லி தூங்கியிருந்தாள். இனியா அளந்து எழுதுகிற நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். யாராவது "ம்" கொட்ட வேண்டுமே என்று நான்தான் கொட்டிக்கொண்டிருந்தேன்.