சாயாக்கடைச் சுவரில் நான்

அந்தப் படத்தில் எனக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. கரிக்கட்டியால் சர்ரென்று இழுத்த ஏழெட்டுக் கோடுகள்தான். ஆனாலும் சாயாக்கடைச் சுவரில் அதைப் பார்த்ததும் நான்தான் என்று தெரிந்துவிட்டது. மடியில் சாய்த்த முறம், நழுவிய முந்தானை, மார்புக்குக் கீழே வளைந்து இறங்கும் ஒற்றைக் கோடு. அந்தக் கோட்டைத்தான் இத்தனை நாளும் சேலையை இறுக்கிச் சுற்றி மறைத்து வைத்திருந்தேன்.

அது அறுபத்தொன்றாம் வருஷத்து மழைக்காலம். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் எனக்குப் புடைக்கிற வேலை. வயிறு தெரிந்தால் மேஸ்திரி குழந்தைசாமி அன்றைக்கே அனுப்பிவிடுவார். என் வீட்டுக்காரரோ மூட்டை விழுந்து இடுப்பொடிந்து படுத்துக் கிடந்தார். என் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

"சேட்டா, இதை யாரு இங்க ஒட்டினது?" என்று மலையாளத்துக் கடைக்காரரைக் கேட்டேன்.

"உங்க கிடங்குக்கு எதிர் மாடியில தாமசிக்கிற படக்காரன். நல்ல படமல்லே?"

"அவன் கையில கொள்ளி வைக்க! மேஸ்திரி தினமும் சாயா குடிக்கிற இடம் இது!"

கிழித்தெறியத்தான் கிட்டே போனேன். அப்போதுதான் படத்தில் என் வலது கையைப் பார்த்தேன். வயிற்றின் மேல் பொத்தினாற்போல் இருந்தது. அது எப்போது அங்கே போனது? சத்தியமாக எனக்கே தெரியாது. அந்தப் பாவி மாடியிலிருந்தே கண்டுபிடித்துவிட்டான். ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. என்னை இத்தனை அழகாக ஒருத்தரும் பார்த்ததில்லை.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். சாயாவை ஆற்றிக்கொண்டே படத்தை உற்றுப் பார்த்தார்.

"யாரு ராமாத்தா இந்தப் பிள்ளைத்தாச்சி? முறத்தைப் பாத்தா நம்ம கிடங்கு முறமாட்டம் இருக்கு."

"எனக்கென்னங்க தெரியும்? எவளோ."

அவர் திரும்பினார். என் கையையே பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். வலது கை வயிற்றின் மேல் இருந்தது, படத்தில் இருந்தபடியே.

"எத்தனை மாசம்?"

"ஆறுங்க."

"நாளையிலருந்து வர வேண்டா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மனுஷன்.

காலில் விழுந்து கெஞ்சியிருக்கலாம். சுவருக்குப் போய், ஓரம் கிழியாமல் படத்தை மெதுவாகப் பிய்த்தெடுத்தேன்.

"அது எதுக்கு உனக்கு?" என்றார் மேஸ்திரி.

"நான்தானுங்க இது," என்றேன். "நானும் எம்பிள்ளையும்."