பாதியில் நின்ற அரம்

பீப்பாய்ப் பந்தயத்தில் மூன்று பீப்பாய்களைச் சுற்றிப் பதினேழு விநாடிக்குள் முடிவுக் கோட்டைத் தாண்டிவிடும் குதிரை ஜூனிபர். இந்தக் கோடையில் முதல் பீப்பாயிலேயே தடுமாறியது. வலப்பக்கம் திரும்பும்போது தலையைத் தூக்கிக்கொண்டு விலகி ஓடியது. அதை வளர்த்து ஓட்டும் வெர்லின் இன்னும் கடுமையான கடிவாளத்தை மாட்டினாள். குதிரை இன்னும் விலகி ஓடியது. சோம்பேறியாகிவிட்டது என்று ரோடியோ பந்தயத் திடலில் எல்லோரிடமும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நிஜமாகிவிட்டது. குதிரையை விற்றுவிட முடிவு செய்தாள்; வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

விற்பதற்கு முன் பல்லைப் பார்த்துவிடலாமென்று குதிரை வைத்தியர் மார்செலாவை வரவழைத்தாள். மார்செலா மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து நிறுத்தும் இரும்புச் சட்டத்தை மாட்டி, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள்.

"எப்பலேருந்து இப்படி?"

"மே மாசத்துலேருந்து. வேலை செய்ய மனசில்ல. என் புருஷன் மாதிரி."

"உன் புருஷன் வாயை நான் பாக்கல. இதுல கைய வச்சுப் பாரு."

குதிரைப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும்; அவ்வப்போது அரத்தால் ராவிவிட வேண்டும். இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் வழவழவென்றிருந்தன. வலப்பக்கம் உடைந்த கண்ணாடி விளிம்பு போல விரலை அறுத்தது. கன்னத்தின் உட்புறம் புண்.

"ஒரு பக்கம் மட்டும் யாரு ராவினது?" என்று கேட்டாள் வெர்லின்.

"நான்தான். மார்ச்சுல. போதும் நிறுத்துன்னு சொன்னது நீ."

அன்று மாலை பந்தயம் இருந்தது. மயக்க ஊசி போட்டால் ஓடாது, அப்படியே ராவு என்று சொன்னவளும் வெர்லின்தான். குதிரை முரண்டு பிடிக்கவும், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்றாள். அப்புறம் வரவே இல்லை.

"தாடை ஒருபக்கமா சாஞ்சு அரைச்சிருக்கு. தாடை இறுகினா கழுத்து இறுகும், அப்புறம் முதுகு. திரும்பும்போது பின்னங்கால் எப்படி வயித்துக்கடியில வரும்? அதுக்கு மேல நீ வேற கடிவாளத்த இழுத்திருக்க."

மார்செலா இரண்டு பக்கமும் சமமாக ராவி முடித்தாள். பத்து நாளைக்கு வாயில் கடிவாள இரும்பு கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறந்தது கூட வெர்லினை அவ்வளவு உறுத்தவில்லை. குதிரையின் குணம் கெட்டுவிட்டது என்று எவ்வளவு சுலபமாக நம்பினோம் என்பதுதான் உறுத்தியது.

கணவன் டுவைன் லாயத்துக்குள் எட்டிப்பார்த்தான். "நம்ம சோம்பேறிக்கு என்னவாம்?"

பல்லில் கோளாறு என்று மட்டும் சொன்னால் போதும், அவன் மேலே கேட்கமாட்டான்.

"மார்ச்சுல நான் பாதியில நிறுத்திட்டேன். அதான் வலி. சோம்பேறி இல்ல அது."

அவன் குதிரையைப் பார்த்தான். "அப்ப ஞாயித்துக்கிழமை?"

"வர வேண்டாம்னு நீ அவங்ககிட்ட சொல்லிடு."

"நீயே சொல்லு. இப்ப என்கிட்ட சொன்னியே, அதையே சொல்லு."

அவள் தொலைபேசியை எடுத்தாள்.