மிதித்தால் வருகிற சத்தம்

"இப்ப மிதிக்கிறேன், கவனமாக் கேளு" என்று சொல்லிவிட்டு அப்பா ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். குடோன்களுக்குப் பின்னால் போகிற நேரான சாலை அது. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் லாரிகள் எல்லாம் ஓரமாக நின்று தூங்கிக்கொண்டிருந்தன. முள் நாற்பதைத் தாண்டியதும் அது வந்தது. முதலில் மெல்லிய சீழ்க்கை, பக்கத்து வீட்டில் குக்கர் கத்தத் தொடங்குகிற மாதிரி. வேகம் ஏற ஏற அதுவும் ஏறி, பல்லைக் கூசவைக்கிற கீச்சாக மாறியது. அப்பா காலை எடுத்ததும் கத்தரித்தாற்போல் நின்றது.

"வந்துச்சா?"

தலையாட்டினேன். எங்கிருந்து என்று கேட்டார். முன்னால், என் கால் பக்கம் என்று கையைக் காட்டினேன். மறுபடி மிதித்தார். இந்த முறை நான் சத்தத்தைக் கவனிக்கவில்லை, அப்பாவின் முகத்தைக் கவனித்தேன். அவ்வளவு கீச்சிலும் அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கோயில் சிலை மாதிரி இருந்தார். சத்தம் உச்சத்தில் இருக்கும்போது என் பக்கம் திரும்பி, "வருதா?" என்றார்.

வண்டி எங்களுடையது இல்லை. துணிக்கடை முதலாளியுடையது. அப்பா ஒன்பது வருடமாக அவர் வீட்டு டிரைவர். முதலாளியைக் கடைக்கும், அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவிடுவது வேலை. பையன் நான்காவது, சின்னவள் ஒன்றாவது. போன வாரம் முதலாளி, மிதித்தால் ஏதோ விசில் அடிக்கிறதே, கேட்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். அப்பா, கேட்குது சார், பார்த்துவிடுகிறேன் என்றிருக்கிறார். இரண்டு நாள் கழித்து, சரியாகிவிட்டதா என்றதற்கு, சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமும் முதலாளி பின்சீட்டில் உட்கார்ந்து அதே விசிலைக் கேட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்திருக்கிறார். ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். அதுதான் அப்பாவுக்கு உறுத்தியிருக்கிறது.

வீட்டில் இது பழைய கேலி. உங்கப்பாவுக்கு வேண்டியது மட்டும்தான் காதில் விழும் என்று அம்மா சொல்வாள். அரிசி தீர்ந்துவிட்டது என்றால் விழாது, சாப்பிட வாங்க என்றால் விழும் என்பாள். நாங்கள் சிரிப்போம், அப்பாவும் சிரிப்பார். சாப்பிடக் கூப்பிடும்போது அம்மா எப்போதும் அவர் எதிரில் வந்து நின்றுதான் கூப்பிடுவாள் என்பது அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

என்னை ஏன் கூட்டிக்கொண்டு வந்தார் என்பதும் புரிந்தது. கிளம்பும்போது அம்மா, தம்பியைக் கூட்டிட்டுப் போங்களேன், அவன்தான் வாயாடி என்றாள். அதனால்தான் வேண்டாம் என்றார் அப்பா. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். என் காதில் போட்டது எதுவும் வாய்வழியே வெளியே வராது.

ஏசியை அணைத்துப் பார்த்தோம், சத்தம் மாறவில்லை. கண்ணாடியை இறக்கினால் கூடியது, ஏற்றினால் குறைந்தது. வண்டியை நிறுத்திவைத்து, கியர் போடாமல் மிதித்தபோது கிட்டத்தட்ட இல்லை. ஓடும்போது, அதுவும் பாரத்தை இழுத்து ஓடும்போதுதான் வருகிறது. ஒவ்வொன்றையும் நான் சொல்லச் சொல்ல அப்பா என் உதட்டையே பார்த்துக் கேட்டுக்கொண்டார். மெக்கானிக்கிடம் ஒப்பிப்பதற்காக இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

திரும்பிப் போகலாம் என்று வண்டியை வளைத்தார். பின்னால் ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்தது. அப்பாவுக்குக் கேட்டிருக்கும் என்று சும்மா இருந்தேன். விடாமல் அடித்தது. அப்பா என்னைப் பார்த்தபடியே ஸ்டியரிங்கை ஒடித்தார். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. கைதான் போனது, அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். பிரேக் அடித்தார். வேன் எங்கள் பக்கக் கண்ணாடியைத் தட்டி மடக்கிவிட்டுப் போயிற்று. ஓட்டுகிறவன் தலையை வெளியே நீட்டி ஏதோ திட்டினான். அப்பா அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினார், தெரிந்தவருக்கு வணக்கம் சொல்கிற மாதிரி.

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"ஹாரன் அடிச்சானா?"

"அடிச்சான்."

"எவ்ளோ நேரமா?"

"இப்பத்தான்" என்றேன்.

"உன்னையே பாத்துட்டு இருந்தேன்ல, அதான்" என்றார். இறங்கிப் போய் மடங்கிய கண்ணாடியை நிமிர்த்தினார், சட்டை முனையால் துடைத்தார். அவர் சொன்னதை நம்பிவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

மெக்கானிக்கைச் சோடாபுட்டி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவ்வளவு தடிமனான மூக்குக்கண்ணாடி. பானெட்டைத் திறந்து, ரப்பர் பைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, என்னை உள்ளே உட்காரவைத்து நன்றாக மிதிக்கச் சொன்னார். ஒரு இடத்தில் நுரை பொங்கியது. என்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போ பைப் கிழிந்திருக்கிறது, காற்று அதில்தான் பிய்த்துக்கொண்டு போகிறது என்றார். மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. பானெட்டுக்குள் தலையைவிட்டபடியே, "என்னண்ணே, இந்த விசில் ஊருக்கே கேட்டிருக்குமே, எப்பிடி இத்தன நாளு பொறுத்தீங்க?" என்று கேட்டார். அப்பா பக்கத்தில் நின்று பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மறுபடி, "அண்ணே, உங்களத்தான்" என்றார். அவர் தலையை வெளியே எடுத்துவிடுவார் என்று பயந்து, "அப்பாவுக்கு நேரமே கெடைக்கல" என்று நான் சொன்னேன். அறிமுகமில்லாத ஒருவரிடம் நானாகப் பேசியது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அவர் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார்.

முதலாளி வீட்டில் கேட்டைத் திறந்ததுமே பிள்ளைகள் ஓடிவந்து பின்சீட்டில் ஏறிவிட்டார்கள். யாரோ சிநேகிதன் வீட்டுக்குப் போக வேண்டுமாம், மெயின் ரோட்டைத் தாண்டி. அப்பா சின்னவளுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டு முன்னால் உட்கார்ந்தார். நான் வீட்டுக்கு நடந்து போவதாக ஏற்பாடு. செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு நிற்கும்போது முதலாளி படியிறங்கி வந்தார்.

"நீயும் கூடப் போயிருந்தியாம்மா? சத்தம் போயிடுச்சா?"

தலையாட்டினேன்.

அவர் வண்டியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தவில்லை. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. உங்கப்பாவுக்குக் காது கேக்குதா?"

பத்தடி தள்ளித்தான் கார். கண்ணாடி இறங்கியிருந்தது. அப்பா சீட்டை முன்னால் நகர்த்தி வசதி பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் ஜன்னல் வழியாக எனக்குக் கையாட்டினாள். அவளுக்கு முன்பல் இரண்டு இல்லை. நாற்பத்தெட்டு வயதில் அப்பாவை இனி யார் வேலைக்கு வைப்பார்கள் என்று நினைத்தேன். தம்பியை நினைத்தேன். அந்த வேன் எவ்வளவு நேரம் ஹாரன் அடித்தது என்றும் நினைத்தேன். எல்லாம் ஒரே மூச்சுக்குள்.

"கேக்கும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நம்பினாரா, என்மேல் இரக்கப்பட்டாரா, தெரியவில்லை. கார் பின்னால் நகரத் தொடங்கியது. என் கால் தானாக ஓடியது. ஓடுகிற வண்டியின் முன்கதவைத் தட்டி, திறந்து, அப்பாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

தெருவைத் தாண்டுவதற்குள் பின்னால் சண்டை ஆரம்பமாகிவிட்டது. ஜன்னல் பக்கம் யாருக்கு என்று. பையன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் வீறிட்டாள். என் காதுக்குள் ஊசி பாய்கிற மாதிரியான வீறல், நிற்கவே இல்லை. அதைத் தாண்டி வெளியில் என்ன வருகிறது என்று எனக்கு எதுவும் பிடிபடவில்லை. என் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். மெயின் ரோடு வந்துவிட்டது. அப்பா இண்டிகேட்டரைப் போட்டார். முகம் தெளிந்திருந்தது, காலையிலிருந்த கலக்கம் இல்லை.

"தங்கமான புள்ளைங்க" என்றார் என்னிடம், ரகசியம் போல. "வண்டியில ஏறினா இருக்கிற எடமே தெரியாது."

சொல்லிக்கொண்டே காலை மெல்ல அழுத்தினார். எந்தச் சீழ்க்கையும் இல்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு சாலைக்குள் இறங்கியது.