கரண்டி கடை சூப்

என் வீட்டுக்காரருக்கு எதைச் சமைத்துப் போட்டாலும் ஒரே பல்லவிதான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கரண்டி கடை மாதிரி வராது."

கரண்டி என்பது ஒரு மனிதரின் பட்டப்பெயர். என் வீட்டுக்காரர் படித்த கல்லூரிக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அந்தக் கடையின் பட்டாணி சூப்பைப் பற்றி இவர் பேசாத நாள் குறைவு. நானும் வாரம் தவறாமல் பட்டாணி சூப் வைப்பேன், வாரம் தவறாமல் தோற்பேன். என் நாத்தனார் வேறு, "எங்க அண்ணனுக்கு ருசி கண்ட நாக்கு, அண்ணி. லேசுல ஏமாத்த முடியாது" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவாள்.

நான் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கிறவள். ஒரு கண்ணாடியைப் போட்டு, கழற்றி, இன்னொன்றைப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, முன்னதுலயா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் பிழைப்பு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்காமல் ஒருவர் சொல்கிற பதிலை நான் நம்புவதில்லை. அதனால் என் கண்ணாடிக் கடைக்கு ஃப்ரேம் வாங்க வெளியூர் போன ஒரு சனிக்கிழமை இவரையும் காரில் ஏற்றிக்கொண்டேன். திரும்பும்போது வண்டியை அவருடைய கல்லூரி ஊர்ப் பக்கம் விட்டேன். பின்சீட்டில் ஒரு ஃப்ளாஸ்க் இருந்தது. அதில் காலையில் நான் வைத்த பட்டாணி சூப்.

'உன்னோடதுதான் நல்லா இருக்கு.' இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஊருக்குள் இறங்கியதும் மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நூலகத்துக்குப் பின்னால் ஒரு பேக்கரிக்கு இழுத்துக்கொண்டு போனார். சூடான பன்னைப் பிய்த்து, பாதியை என் கையில் திணித்து, மீதியை இரண்டே வாயில் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். சைக்கிள் கடை பக்கத்தில் டீ குடித்தோம். விடுதியின் மூன்றாவது மாடியில் துணி காயும் ஒரு ஜன்னலைக் காட்டி, "அதுதான் எங்க ரூம்" என்றார். மீசையில் சர்க்கரை ஒட்டியிருந்தது. இந்த ஆளை நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட புதிதில் பார்த்ததோடு சரி.

"வயித்துல கொஞ்சம் இடம் வைங்க" என்றேன்.

கரண்டி இன்னும் அடுப்படியில்தான் நின்றிருந்தார். முடி கொட்டிவிட்டது, கையில் நீளக் கரண்டி. இவர் போய் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"என்னை ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ பேர் படிச்சிட்டுப் போறாங்க, தம்பி. சூப்தானே? உக்காருங்க."

உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்பு நன்றாகத் தெரிந்தது. முழு வெங்காயங்களைத் தோலோடு நெருப்பில் போட்டு, கரிக்கட்டையாகும் வரை சுட்டு, மேல்தோலை உரித்துவிட்டு, பட்டாணியோடு மசித்துக்கொண்டிருந்தார். சமைக்கிறவள் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

இரண்டு கிண்ணம் வந்தது. நான் என்னுடையதைத் தொடவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு ஸ்பூனால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க?"

"மாத்திட்டாங்க போல." கரண்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "செய்முறை ஏதாச்சும் மாத்தினீங்களா?"

"எனக்கு வேற மாதிரி வைக்கத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேஜைக்குப் போனார்.

"தீஞ்ச வாடை அடிக்குது" என்றார் இவர், என் பக்கம் குனிந்து. "முன்னெல்லாம் இப்படி இல்ல."

கரண்டி திரும்பிப் பார்க்காத நேரமாக ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினேன். "இதுல ருசியா, அதுலயா?"

மூடியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். "உன்னோடதுதான் நல்லா இருக்கு. சத்தியமா."

கேட்டுவிட்டேன். காது குளிர்ந்தது. ஜெயித்தவள் தெம்போடு என் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

அப்படி ஒரு சூப்பை நான் குடித்ததில்லை. சுட்ட வெங்காயத்தின் இனிப்பும் புகையும் பட்டாணிக்குள் இறங்கி, விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. இதற்குப் பக்கத்தில் என்னுடையது பட்டாணி அலசிய தண்ணீர். இத்தனை வருஷமும் மனிதர் சொன்னது உண்மை. அந்த நாக்குக்கு வாராவாரம் என் சூப்பை ஊற்றி ஊற்றிப் பழக்கிவிட்டேன். இப்போது அசலைக் கொடுத்தால் தீய்ந்த வாடை என்கிறது. அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கல்லூரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, என்னை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. ஃப்ளாஸ்க்கில் மீதி இருந்ததை அவர் குடித்தார். கடை சூப் இரண்டு கிண்ணத்தையும் நான் காலி செய்தேன்.

அடுத்த வாரம் வெங்காயத்தைத் தோலோடு நெருப்பில் போட்டேன். வீடெல்லாம் புகை. ஆனால் கை கூடிவிட்டது, அதே ருசி. அவருக்கு ஒரு கிண்ணம், எனக்கு ஒரு கிண்ணம் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா நீ முன்னாடி வைப்பியே, அது மாதிரி வராது."

அவர் கிண்ணத்தையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.