விளக்கு வைத்தபின் வந்த ஓ.டி.பி.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் பழனிச்சாமியின் கல்லாவிலிருந்து காலணாகூட வெளியே போகாது. இலுப்பூர்க் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் அவரிடம், அந்த நேரத்தில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிப் பூச்சிமருந்து வாங்குகிறவர் மீதிச் சில்லறைக்கு மறுநாள்தான் வரவேண்டும். "லெட்சுமி உள்ள வர்ற நேரத்துல நாம அவளத் தள்ளிக்கிட்டு வெளிய போனா அவ என்ன நெனைப்பா?" என்பார். எதிர்த்துப் பேசியவர்கள் வேறு கடையைப் பார்த்துக்கொண்டார்கள். சட்டம் மட்டும் அசையவில்லை.

அந்தச் சட்டத்துக்கு அவரே வகுத்த விலக்கு ஒன்று உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு வல்லத்திராக்கோட்டைக்காரர் ஒருவர் கைமாற்றுக்கு ஓடிவந்தார். பழனிச்சாமி அவரிடமே ஒற்றை ரூபாய் நாணயம் ஒன்றை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, அதன்பிறகே கேட்ட தொகையை எண்ணிக் கொடுத்தார். "மொதல்ல வரவு, அப்புறம் செலவு. லெட்சுமிக்கும் வருத்தமில்ல, எனக்கும் வருத்தமில்ல." உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி சொர்ணம் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

இப்போது அந்தக் கல்லாவில் சொர்ணம்தான் அமர்ந்திருந்தாள். விற்பனை இலக்கை எட்டிய கடைக்காரர்களை உரக் கம்பெனி ஒன்று கோலாலம்பூருக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தது. பழனிச்சாமி திருச்சியில் கொஞ்சம் ரிங்கிட் மாற்றிக்கொண்டார். மிச்சத்துக்கு வங்கி அட்டை இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தினார். பெரிய கைப்பேசியை எடுத்துக்கொண்டு, பழைய பட்டன் போனைச் சொர்ணத்திடம் விட்டுச்சென்றார். கடையின் எண்ணும் அதுதான், வங்கியில் கொடுத்திருந்த எண்ணும் அதுதான்.

புறப்படும்போது ஓர் எச்சரிக்கையும் செய்தார். சிமெண்டுக் கடைக்காரர் ஒருவர் போனில் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிப் பணத்தைப் பறிகொடுத்திருந்த சமயம் அது. "ஓ.டி.பி.ய யாரு கேட்டாலும் சொல்லாத. மேனேஜர் கேட்டாலும் சொல்லாத. நானே கேட்டாலும் சொல்லாத."

"நீங்களே கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்றாள் சொர்ணம். சொன்ன சொல்லை மீறும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கை ஏற்றிக் கடைக்குப் பத்தி காட்டிவிட்டு அமர்ந்தாள். பட்டன் போன் 'டிங்' என்றது. ஏதோ ஆறு எண்கள். மறுபடியும் 'டிங்', வேறு ஆறு எண்கள். அவள் நெற்றியைச் சுருக்குவதற்குள் மணி அடித்தது. கூட்டல் குறியோடு தொடங்கும் அயல்நாட்டு எண்.

"சொர்ணம், நான் பழனிச்சாமி பேசுறேன்." குரல் கட்டிப்போய்க் கரகரத்தது.

"எந்தப் பழனிச்சாமி?"

"எந்தப் பழனிச்சாமியா? ஒன் புருசன்டி."

கட்டிய மனைவியிடம் எந்தப் புருசன் பேரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறான்? சொர்ணம் எதிர்க்கடையை நோக்கிக் கையசைத்தாள். ஆவூரிலிருந்து வந்து தையற்கடை வைத்திருக்கும் மரியசெல்வம், கழுத்தில் தொங்கிய அளவுநாடாவோடு தெருவைக் கடந்து வந்தார்.

"ஸ்பீக்கர்ல போடு தங்கச்சி" என்றார் மெதுவாக.

"அந்தப் போனுக்கு வந்த நம்பரச் சொல்லு, சீக்கிரம்" என்றது குரல். "பஸ்ஸு நிக்கிது. ஏர்போர்ட்டுக்குப் போகணும். அபராதம் கட்டாம ஓட்டல்காரன் விடமாட்டேங்கிறான்."

"என்ன அபராதம்?"

"மார்க்கெட்டுல முள்ளு முள்ளா ஒரு பலாப்பழம் வாங்கினேன். நம்ம வடகாட்டுப் பலா மாதிரி ரெண்டு நாள்ல பழுக்கட்டும்னு கம்பளியச் சுத்திக் கட்டிலுக்கு அடியில வச்சேன். அது பலா இல்லையாம், டுரியானாம். நாத்தம் மாடி முழுக்கப் போயிருச்சு. ரூமுக்குள்ள அதக் கொண்டு வந்தா எரநூத்தம்பது ரிங்கிட் அபராதம்னு கதவுலயே படம் போட்டு ஒட்டியிருக்கான். நான் முள்ளம்பன்றிக்குத்தான் தடைன்னு நெனைச்சேன்."

மரியசெல்வம் வாயைப் பொத்திக்கொண்டார். சொர்ணத்தின் முகம் மட்டும் இளகவில்லை. "கதை நல்லாருக்கு. கார்டு இருக்குல்ல, தேய்க்க வேண்டியதுதானே?"

"வெளிநாட்டுல செல்லாதபடி பூட்டி வச்சிருக்காங்களாம். தெறக்கணும்னா ஓ.டி.பி. வேணுமாம்."

வங்கிக்காரர்கள் பூட்டிய அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, அது பூட்டியிருக்கிறது என்பதையே சொல்லாமல் அனுப்புவது என்ன முறையோ! கையிலே காசு வாயிலே தோசை என்று வாழ்ந்த மனிதர், அயலூர் விடுதியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியதாயிற்று. இதெல்லாம் உண்மையாக இருந்தால்தானே என்று நினைத்தாள் சொர்ணம்.

"ஒங்க போன் என்னாச்சு? இது யார் நம்பர்?"

"கைடு தம்பி போனு. இந்த ஊரு பிளக்குல நம்ம சார்ஜர் நொழைய மாட்டேங்குது. என் போனு செத்து ரெண்டு நாளாச்சு."

"கூட வந்தவங்க கிட்டக் கேளுங்க."

"எல்லாரும் சாக்லேட்டும் தைலமும் வாங்கித் தீத்துட்டாங்க. அதுவும் போக, நோட்டுக் கட்டிக்கிட்டு அலையிறவன் பட்டிக்காட்டான், கார்டு ஒண்ணு போதும்னு வந்த அன்னைக்கே எல்லாருக்கும் பாடம் எடுத்தேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக் கேக்குறது?"

"கல்யாண நாளக் கேளு" என்று மரியசெல்வம் கிசுகிசுத்தார்.

"நமக்கு எப்பக் கல்யாணமாச்சு?"

"ஆவணி பதினேழு" என்றது குரல், கண்ணிமைக்கும் நேரத்தில்.

சொர்ணமும் மரியசெல்வமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "திருடனேதான் தங்கச்சி" என்றார் மரியசெல்வம். அவளுக்கும் ஐயமில்லை. முப்பது ஆண்டுகளாக அந்தத் தேதி பழனிச்சாமியின் நினைவில் ஒருமுறைகூடத் தங்கியதில்லை.

"இந்தா தம்பி" என்றாள் சொர்ணம், குரலை உயர்த்தி. "எங்கிட்டிருந்து பேசுறியோ தெரியாது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு வச்சாச்சு. இந்த வீட்டுலேர்ந்து இனிப் பணம் வெளிய போகாது."

 மறுமுனையில் பேருந்தின் ஒலிப்பான் இருமுறை அலறியது.

"வச்சுட்டியா?" என்றது குரல், இறங்கிப்போய்.

"வச்சாச்சு."

ஒரு பெருமூச்சு. "அப்பச் சரி. வேணாம். பஸ்ஸு போனாப் போகட்டும், நான் இங்கிட்டு எதாச்சும் பாத்துக்கிறேன். மழை வர்ற மாதிரி இருந்தா யூரியா மூட்டைய உள்ள தள்ளி வை." இணைப்பு அறுந்தது.

சொர்ணம் போனைக் கல்லாவின்மேல் வைத்தாள். ஏமாற்ற வந்தவன் கெஞ்சுவான், மிரட்டுவான், கெட்ட வார்த்தையாவது பேசுவான். பேருந்தையும் விமானத்தையும் விட்டாலும் விடுவேன், விளக்கு வைத்தபின் கல்லாவைத் தொடமாட்டேன் என்று கடல் கடந்து நின்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார்.

"அண்ணே, அது அவருதான்" என்றாள்.

திரும்ப அழைத்தாள். வெளிநாட்டு அழைப்புக்கு வசதியில்லை என்று ஒரு பெண்குரல் தெரிவித்தது. மரியசெல்வம் தம் கைப்பேசியில் அந்த எண்ணைப் பதிந்து வாட்ஸாப்பில் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேருந்து போய்விட்டதோ, கைடும் அதில் ஏறிவிட்டானோ என்று அவள் பதறினாள். கடைசி மணியில் எடுத்தார்கள்.

"ஏங்க, நான்தான். நம்பரச் சொல்றேன், இன்னொரு தரம் அனுப்பச் சொல்லுங்க."

"வேணாம் சொர்ணம்."

"என்ன வேணாம்?"

"விளக்கு வச்சாச்சுன்னு நீதானே சொன்ன? எனக்காக ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயமா? எத்தன பேரத் திருப்பி அனுப்பியிருக்கேன்."

இவ்வளவு நேரம் அவர் கெஞ்சினார், இவள் மறுத்தாள். இப்போது இவள் கெஞ்ச, அவர் முறுக்கிக்கொண்டார். மறுபடியும் ஒலிப்பான் அலறியது. சொர்ணத்தின் பார்வை கல்லாவின்மேல் விழுந்தது. பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்லும் சின்னப் பெட்டி அதன் பக்கத்தில் இருந்தது.

"அண்ணே, நம்ம கடைக்கு ஒரு ரூவா போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்கண்ணே, சொல்றேன்."

அழைப்பை அறுக்காமலே, மரியசெல்வம் கைப்பேசியைக் கல்லாவில் ஒட்டியிருந்த கியூ.ஆர். கட்டத்துக்கு நேரே பிடித்து அழுத்தினார். பெட்டி கணீரென்று முழங்கியது: "ஒரு ரூபாய் பெறப்பட்டது."

"என்ன சத்தம் அங்க?" என்றார் பழனிச்சாமி.

"வரவு. மொதல்ல வரவு வந்தாச்சு. இனிச் செலவு பண்ணலாம்ல?"

கோலாலம்பூரிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கரகரப்பு எவ்வளவு இருந்தாலும் அந்தச் சிரிப்பை அடையாளம் காண எந்தத் தேதியும் தேவைப்படவில்லை.

பட்டன் போன் 'டிங்' என்றது. சொர்ணம் வாய் திறந்தவள், சட்டென்று நிறுத்தினாள். "நீங்களே கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க."

"ஐயோ, இப்ப அத ஏன்டி..."

"பேசாதீங்க. நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க, கேக்கல. நானாத்தான் சொல்றேன்." ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் படித்தாள்.

சற்று நேரத்தில் கார்டு எடுத்துக்கொண்டது என்று அந்தப் பக்கம் ஆரவாரம் கேட்டது. யாரோ கை தட்டினார்கள்.

"கல்யாண நாள் மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"டூர்காரங்க கேக்கு வெட்டணும்னு எல்லார்கிட்டயும் கேட்டாங்க. ஒங்க அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதிக் குடுத்தேன்."

"அதானே பாத்தேன். சரி, அந்தப் பழம்?"

"பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டான். அவ்வளவு குடுத்துட்டு விட்டுட்டு வர முடியுமா? ஓட்டல் வாசலுக்கு வெளிய ஒடச்சு, ஆளுக்கு ஒரு சொளையாத் தின்னுக்கிட்டிருக்கோம். நாத்தந்தான், ஆனா ருசி ருசிதான்." மென்றுகொண்டே வைத்துவிட்டார்.

சொர்ணம் எழுந்துபோய் யூரியா மூட்டைகளை உள்ளே தள்ளினாள். வானத்தில் ஒரு மேகமும் இல்லை, இருந்தாலும் தள்ளினாள். மரியசெல்வம் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல தங்கச்சி? அப்ப என் ஒரு ரூவாயக் குடு, போறேன்."

"வெள்ளிக்கிழமைண்ணே, விளக்கு வச்சாச்சு" என்றாள் சொர்ணம். "காலையில வாங்க."